குமரியில் கட்டி குளிருக்குக் கொண்டுபோகும் கேரவன்: எப்படிச் சூடாக்குவது?

கன்னியாகுமரியில் வந்து முடிகிற 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீநகரில் தொடங்குகிறது. இடையில் 3,700 கிலோமீட்டருக்கும் மேல். தை மாதத்து நடுராத்திரியில் இந்த முனையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். அந்த முனையில் குழாய்க்குள் தண்ணீர் உறைந்துகிடக்கும். ஒரு பழைய டெம்போ டிராவலரை வாங்கிப் படுக்கையும் சின்ன அடுப்பும் பொருத்தியோ, காருக்குப் பின்னால் இழுக்கிற சிறு டிரெய்லர் ஒன்றைக் கட்டிக்கொண்டோ அந்த முனை வரை போய்வர ஆசைப்படுகிறவர்கள் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இப்போது இருக்கிறார்கள். ஏசி எத்தனை டன், எங்கே மாட்டுவது என்பதில் அவர்களுக்குத் தீர்மானமான கருத்து உண்டு. சூடாக்குவதைப் பற்றிக் கேட்டால் "ரெண்டு கம்பளி கூட எடுத்தா போதாதா?" என்பார்கள். பாடி கட்டுகிற பட்டறையிலும் அதே கதைதான்: "ஏசி மாட்டச் சொல்லி ஆள் வாறாங்க அண்ணாச்சி, ஹீட்டர் மாட்ட யாரு வாறா?"

குறை சொல்ல முடியாது. நாகர்கோவிலில் மார்கழிக் குளிர் என்று நாம் சொல்வதே இருபது டிகிரிக்கு மேலேதான். பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் மலையடிவாரத்தில் படுத்தால் விடிகாலையில் போர்வையைத் தேடுவோம், அவ்வளவுதான். ஆனால் காஷ்மீர் வரை கூடப் போக வேண்டாம், ஊட்டியே போதும். ஜனவரியில் அங்கே ஐந்தாறு டிகிரி சாதாரணம். தலைக்குந்தாப் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி படிந்து கிடக்கும். அந்த ஐந்து டிகிரியில் ஒரு தகரப் பெட்டிக்குள் படுத்தால் கம்பளி போதாது என்பது ராத்திரி இரண்டு மணிக்கு உறைக்கும்.

எந்த ஹீட்டர் வாங்கலாம் என்று கேட்பதற்கு முன்னால், உள்ளே உண்டாக்கும் சூடு எவ்வளவு வேகத்தில் வெளியே ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு கணக்குப் போடலாம். பத்தடி நீளம், ஆறடி அகலம், ஆறடி உயரம் உள்ள ஒரு டிரெய்லர். சுவர், கூரை, தரை எல்லாம் சேர்த்து 312 சதுர அடி வருகிறது, ஏறக்குறைய 29 சதுர மீட்டர். வெளியே 5 டிகிரி, உள்ளே 20 டிகிரி வேண்டும். வெறும் தகரம் மட்டும் என்றால் இந்தப் பதினைந்து டிகிரி வித்தியாசத்தைத் தாங்கிப்பிடிக்க சுமார் இரண்டரை கிலோவாட் சூடு ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதே சுவருக்குள் ஒரு அங்குல கெட்டி ஃபோம் வைத்து, இரும்புச் சட்டங்கள் வழியே கசிவதையும் தாராளமாகச் சேர்த்துக்கொண்டால், தேவை 650 வாட்டுக்குப் பக்கத்தில் இறங்கிவிடுகிறது. உள்ளே தூங்குகிற இரண்டு பேரின் உடம்பே ஏறத்தாழ 150 வாட் சூடு விடும். மிச்சம் ஐநூறு வாட். முதல் வண்டிக்கு இரண்டரை கிலோவாட் ஹீட்டர், இரண்டாவதற்கு ஐநூறு வாட்! இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் "நல்ல ஹீட்டர்" என்று யாராவது ஒன்றைச் சிபாரிசு செய்தால், அவர் விற்பனைக்காரராகத்தான் இருப்பார்.

வெப்பத் தடுப்பு என்பது குமரி மாவட்டத்துக்குப் புதிய வித்தை இல்லை. வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்கிற தூத்தூர் விசைப்படகுகளின் மீன் அறையைப் பாருங்கள். சுவருக்குள் பஃப் எனப்படும் பாலியூரித்தேன் ஃபோமை நிரப்பி, மேலே ஃபைபர் பூசி மூடியிருப்பார்கள். வெளியே கடல் வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஐஸ் நிற்கிறது. கேரவனில் அதே வேலை திசை மாறி நடக்கிறது, அவ்வளவுதான். ஃபைபர் வள்ளம் கட்டுகிற கைகளுக்கு இந்த வேலை தெரியும். வேன் பாடி கட்டுகிறவர்களிடம் போவதற்கு முன்னால் குளச்சல் பக்கம் ஒரு எட்டுப் போய்க் கேட்டுவிட்டு வருவது நல்லது. இன்னொரு லாபமும் உண்டு. ஹீட்டர் வருஷத்தில் இரண்டு வாரம் உதவினாலே அதிகம். ஃபோம் சித்திரை வெயிலில் நாகர்கோவில் தெருவில் நிற்கும்போதும் உழைக்கும். ஏசியின் சுமையும் குறையும். பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் அதை முதலில் சுவரில் போட வேண்டும் என்பது என் கட்சி.

கடைகளில் பளபளவென்று வெள்ளித் தாள் ஒட்டிய குமிழித் தாளை வாங்கிச் சுவரோடு சுவராக ஒட்டிவிட்டு, வேலை முடிந்தது என்கிறார்கள். அந்தப் பளபளப்பு வேலை செய்ய அதற்கு முன்னால் ஒரு காற்று இடைவெளி வேண்டும். தகரத்தோடு ஒட்டிவிட்டால் அது மெல்லிய பிளாஸ்டிக்தான். பஞ்சு போன்ற கம்பளங்களைத் திணிப்பதும் சரிவராது, ஈரத்தை உறிஞ்சிவிடும்.

ஈரம் என்றதும் நிறுத்திச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. தூங்குகிற இரண்டு பேர் ஒரு ராத்திரியில் மூச்சிலும் வியர்வையிலும் அரை லிட்டருக்கு மேல் தண்ணீரை ஆவியாக விடுகிறார்கள். வீட்டில் அது எங்கோ போய்விடும். பத்தடிப் பெட்டிக்குள் எங்கே போகும்? எது மிகக் குளிர்ந்திருக்கிறதோ அதில் போய் ஒட்டும். முதலில் கண்ணாடி. அப்புறம் கூரைத் தகட்டை இறுக்கிய ஸ்க்ரூ தலைகள்: ஃபோமைத் துளைத்துக்கொண்டு வெளிக்குளிரை நேராக உள்ளே கொண்டுவருபவை அவைதான். விடிகாலையில் டார்ச் அடித்துப் பார்த்தால் ஒவ்வொரு ஸ்க்ரூவின் நுனியிலும் ஒரு முத்துத் தண்ணீர் தொங்கும். நெற்றியில் சொட்டும்போது கூரை ஒழுகுகிறது என்று நினைத்து சிலிக்கானைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறுவார்கள். மெத்தைக்கு அடியிலும் இதே கதைதான், அங்கே பூஞ்சணமாக முடியும். ஆகவே எவ்வளவு குளிரானாலும் மேலே ஒரு வென்ட், அதாவது காற்றுத் துவாரம், ஒரு விரல் அகலமாவது திறந்திருக்க வேண்டும். உள்ளே சோறு வடித்து, துணியும் காயப்போட்டுவிட்டு ஜன்னலை இறுக மூடினால் எந்த ஹீட்டராலும் காப்பாற்ற முடியாது.

வேண்டிய காற்று வென்ட் வழியாக வரட்டும். வேண்டாத காற்று எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்க நம்மிடம் இலவசமாக ஒரு சோதனைச்சாலை இருக்கிறது. ஆனி, ஆடியில் வண்டியை முப்பந்தல் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே ஓரமாக நிறுத்தி, உள்ளே ஊதுபத்தி கொளுத்திக் கதவு ரப்பர் ஓரம், வயர் நுழையும் ஓட்டை, சிங்க் குழாய் இறங்கும் இடம் எல்லாவற்றிலும் காட்டிக்கொண்டே வந்தால் போதும். புகை எங்கே துள்ளுகிறதோ அங்கே ஓட்டை.

சரி, ஹீட்டருக்கு வருவோம். கரண்ட், கேஸ், டீசல், கரி என்று வகை பல இருந்தாலும் என்னைப் பொறுத்தவரை பிரிக்க வேண்டிய கோடு ஒன்றுதான்: எரிகிற பொருள் எந்தக் காற்றை மூச்சாக இழுக்கிறது, புகையை எங்கே விடுகிறது? நாம் சுவாசிக்கும் அதே காற்றைத் தீயும் சுவாசித்தால் அது ஒரு ஜாதி. வெளிக்காற்றை இழுத்து, எரித்து, புகையையும் வெளியே தள்ளி, சூட்டை மட்டும் உள்ளே கொடுத்தால் அது வேறு ஜாதி. விலையும் பிராண்டும் இதற்குப் பிறகு.

முதல் ஜாதியில் ஆக மோசமானது கரி. காஷ்மீரில் ஃபெரன் அங்கிக்குள் காங்கிடி என்கிற கனல் சட்டியை வைத்துக் குளிர் காய்வார்கள். நம் ஊரில் சிரட்டைக் கரி போட்ட குமுட்டி. வாசலிலோ திண்ணையிலோ இருந்தால் சுகம்தான். மூடிய வண்டிக்குள் எமன். ஆபத்து எங்கே என்றால், சுடர் அடங்கி, புகை நின்று, சிவந்த கனலாக அழகாகக் கிடக்கும்போதுதான் "இனிப் பயமில்லை" என்று உள்ளே எடுத்துவருகிறோம். கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு ஏராளமாக வருவது அப்போதும்தான். நிறமில்லை, வாசனையில்லை, கண்ணைக்கூட எரிக்காது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

இது எங்கோ நடக்கிற செய்தி இல்லை. 2020 ஜனவரியில் நேபாளத்தின் டாமன் மலையில் ஒரு விடுதி அறைக்குள் கேஸ் ஹீட்டரைப் போட்டுவிட்டுத் தூங்கிய கேரளச் சுற்றுலாப் பயணிகள் எட்டுப் பேர் எழுந்திருக்கவில்லை. அதில் நான்கு பேர் குழந்தைகள். களியக்காவிளைக்கு அந்தப்பக்கம் இருக்கிற திருவனந்தபுரத்துக் குடும்பமும் அதில் உண்டு. 2024 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில், நெடுஞ்சாலை ஓரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். அங்கே ஹீட்டரே இல்லை. ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை தரையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே ஏறியிருக்கிறது. என்ஜினை ஓடவிட்டு, வண்டியின் சொந்த ஹீட்டரில் தூங்குகிறேன் என்பவர்கள் இந்த இரண்டாவது செய்தியைத்தான் திரும்பப் படிக்க வேண்டும். பனியில் சைலன்சர் குழாய் புதைந்துபோனால் புகை வண்டிக்கு அடியிலேயே தேங்கி, இப்படி ஒரு ஓட்டையைத்தான் தேடும்.

மலையில் இன்னொரு சிக்கல். உயரத்துக்குப் போனால் வருகிற மலைநோயும் தலைவலி, குமட்டல், சோர்வில்தான் தொடங்கும். மோனாக்சைடு விஷமும் அப்படியே. லடாக்கின் லே நகரில் காலையில் தலை கனத்தால் "உயரம் ஒத்துக்கலை" என்று மாத்திரையைப் போட்டுவிட்டு, மறுநாள் ராத்திரியும் அதே ஹீட்டரைப் போடுவார்கள். வெளியே வந்து கொஞ்ச நேரத்தில் தலைவலி தெளிகிறதா, வண்டியில் இருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்ததா என்று பார்க்க வேண்டும். ஆம் என்றால் சந்தேகம் ஹீட்டர் மேல்தான். எந்த ஹீட்டரை வாங்கினாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் படுத்திருக்கும் தலைமட்டத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். அந்த வாயு காற்றோடு காற்றாகக் கலக்கும். சமையல் கேஸ் அப்படியல்ல, காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். அதற்கான அலாரம் முழங்காலுக்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றே என்று ஒரே இடத்தில் ஒட்டுவதால் பயனில்லை.

கேஸ் ஹீட்டரை அப்படியானால் ஒதுக்கிவிடலாமா? வெளிநாட்டு டிரெய்லர்களில் வருகிற கேஸ் ஃபர்னஸ் இரண்டாவது ஜாதி, வெளிக்காற்றில் எரிந்து வெளியே புகை விடும், அதில் குறை சொல்ல எதுவுமில்லை. இங்கே ஆன்லைனில் மலிவாகக் கிடைப்பது சிலிண்டர் தலையில் திருகி வைக்கிற கணப்பு. அது அறைக்காற்றில் எரிகிறது. தீச்சுடரே இல்லாத கேட்டலிடிக் வகையும் ஆக்ஸிஜனைத் தின்னத்தான் செய்யும். நல்ல கம்பெனிப் பொருளில் ஆக்ஸிஜன் குறைந்தால் தானே அணைகிற சென்சார் இருக்கும். அதிலும் வேடிக்கை உண்டு: பரவலாக விற்கிற ஒரு வகையின் கையேட்டிலேயே 7,000 அடிக்கு மேல் தானாக அணைந்துபோகலாம் என்று எழுதியிருக்கிறது. ஊட்டி 7,350 அடி. வேண்டிய இடத்தில் வேலை செய்யாமல் போகலாம்.

அதைவிட, ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. அறைக்குள் எரிகிற வகை என்றால் அவ்வளவும் உங்கள் கூரை ஸ்க்ரூவில்தான் வந்து தொங்கும். மூன்றாவது தொல்லை சிலிண்டருக்குள்ளேயே இருக்கிறது. நம் சமையல் கேஸ் புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும் ஆவியாகும். பியூட்டேன் பூஜ்ஜியத்துக்கு அரை டிகிரி கீழே போனதும் திரவமாகவே உட்கார்ந்துவிடும். சிலிண்டரைக் குலுக்கினால் உள்ளே சலசலக்கும், அடுப்பில் தீ மட்டும் வராது. வடக்கே சிலிண்டரைச் சாக்கு சுற்றி, வெந்நீர் ஊற்றி எழுப்புவதை லாரிக்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள். சமைக்க 5 கிலோ குட்டி சிலிண்டர் இருக்கட்டும். சூட்டுக்கு அதை நம்ப வேண்டாம்.

கரண்ட் ஹீட்டரில் எதுவும் எரியவில்லை, ஈரமும் சேராது. கிடைக்கிற இடத்தில் இதைவிட நிம்மதி இல்லை. கிடைக்கிற இடம் என்பதுதான் விஷயம். ஊட்டியிலோ மூணாறிலோ எஸ்டேட் வளாகத்தில் வண்டியை நிறுத்தி ஒரு பிளக் பாயிண்ட் வாங்கிவிடலாம். 2,000 வாட் ஃபேன் ஹீட்டர் 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குப் பக்கத்தில் இழுக்கும். அவர்கள் நீட்டுவது பெரும்பாலும் 5 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அரை மணியில் பின்னின் ஓரம் பழுப்பாகி, கருகிய பிளாஸ்டிக் வாடை வரும். 15 ஆம்பியர் பாயிண்டைக் கேட்டு வாங்குங்கள், கெட்டியான வயரைச் சுருளாகக் கிடத்தாமல் முழுக்கப் பிரித்துப் போடுங்கள், ஹீட்டரையும் 1,000 வாட்டில் வையுங்கள். ஃபோம் வைத்த வண்டிக்கு அதுவே மிச்சம். மலையில் வோல்டேஜ் 180க்கு இறங்கினால் 2,000 வாட் ஹீட்டர் 1,200 வாட்தான் தரும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பேட்டரியில் ஹீட்டர் ஓட்டலாமே என்பது அடுத்த கேள்வி. 12 வோல்ட் 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரியில் இருப்பது ஒன்றேகால் யூனிட் கரண்ட். ஆயிரம் வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடிப் படுத்துவிடும். ஒரு லிட்டர் டீசலில் சுமார் பத்து யூனிட் வெப்பம் இருக்கிறது, இப்படி எட்டுப் பேட்டரிக்குச் சமம். கூரையில் சோலார் போட்டாலும் மலைக் குளிர்காலத்தில் நாளுக்கு ஒன்றரை யூனிட் தேறினால் பெரிது. ஆகவே பேட்டரியை வைத்து அறையைச் சூடாக்க நினைக்காமல் ஆளைச் சூடாக்க வேண்டும். மின்கம்பளி ஒன்றுக்கு 60 முதல் 100 வாட் போதும். அதுவும் வேண்டாமென்றால் மருந்துக்கடையில் கிடைக்கிற ரப்பர் வெந்நீர்ப் பை. இரண்டு லிட்டர் வெந்நீரை அதில் ஊற்றிக் கால்மாட்டில் வைத்தால் பத்தில் ஒரு யூனிட் வெப்பம் உங்கள் படுக்கைக்குள்ளேயே மெதுவாக இறங்குகிறது. ஊட்டி மட்டும் போகிறவர் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஹாட் அண்ட் கோல்ட் ஏசி வைத்திருப்பவர்களுக்கு ஒரு யூனிட் கரண்டில் இரண்டு மூன்று யூனிட் சூடு கிடைக்கும், ஆனால் வெளியே உறைநிலை நெருங்க நெருங்க அது திணறும்.

வடக்கே போகிறவருக்கு மிஞ்சுவது டீசல் ஹீட்டர். ஐரோப்பிய லாரிகளில் டிரைவர் தூங்கும் கேபினுக்காக வந்த சரக்கு. வெபாஸ்டோ, எபர்ஸ்பேக்கர் பழைய ஜெர்மன் பெயர்கள். இப்போது சீனத்து மாடல்கள் அதில் சிறு பங்கு விலைக்குக் கிடைக்கின்றன. இரண்டு கிலோவாட் ஒன்று சிறு வண்டிக்குத் தாராளம், மணிக்குக் கால் லிட்டருக்குள்தான் குடிக்கும். மலிவாக இருக்கிறதே என்று ஐந்து கிலோவாட்டை மாட்டினால், எப்போதும் முணுமுணுவென்று குறைந்த தீயிலேயே ஓடி உள்ளே கரி அடைத்துக்கொள்ளும்.

பட்டனை அழுத்தியதும் முதலில் ஃபேன் மெல்லச் சுற்றும். டீசலைப் பற்றவைக்கிற குளோ பிளக் ஒரு நிமிஷம் போலச் சிவக்கும், பேட்டரியிலிருந்து எட்டுப் பத்து ஆம்பியர் இழுப்பது இந்தக் கட்டத்தில் மட்டும்தான். அப்புறம் டிக், டிக் என்று டீசல் பம்ப். வெளிக்குழாயில் வெள்ளைப் புகை ஒரு மூச்சு. சில நிமிஷங்களில் சூடான காற்று. அதன் பிறகு ஒன்றிரண்டு ஆம்பியரில் ராத்திரி முழுக்க ஓடும். அணைக்கும்போது அவசரப்பட்டு மெயின் ஸ்விட்சைத் தட்டக் கூடாது. ஃபேன் இன்னும் சில நிமிஷம் ஓடி உள்ளிருக்கும் கொதிப்பைத் தணித்துவிட்டுத் தானே நிற்கும்.

பொருத்துகிற பட்டறைக்காரருக்கு இது பழக்கமில்லாத வேலை என்பதால் பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டியது புகைக்குழாயை. வண்டித் தரைக்குள்ளே அதில் ஒரு இணைப்புக்கூட இருக்கக் கூடாது. ஹீட்டர் உட்காரும் தகட்டுக்கும் தரைக்கும் இடையே கேஸ்கட் முழுசாக அடைத்திருக்க வேண்டும். குழாய் தாழ்வாக இறங்கி, ஜன்னலுக்கும் காற்று இழுக்கும் வாய்க்கும் எட்டாத பக்கம் திரும்பியிருக்க வேண்டும். வடகரையில் இரண்டு பேர் உயிரைக் குடித்தது தரையில் இருந்த ஓர் ஓட்டை என்பதைப் பட்டறைக்காரரிடம் ஒருமுறை சொல்லிவிட்டே வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

உயரம் இதையும் விடாது. 3,500 மீட்டர் உயர லேயில் காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். பம்ப் அதே டீசலைக் கொடுத்துக்கொண்டிருந்தால் எரிக்கக் காற்று பற்றாது, கறுப்புப் புகை கக்கும். உயரத்துக்கு ஏற்ப டீசலைக் குறைக்கும் வசதி உள்ள மாடலா என்று வாங்கும்போதே கேளுங்கள். டீசலும் ஊரைப் பார்த்து நடந்துகொள்ளும். நாகர்கோவில் பங்கில் நிரப்பியதை அப்படியே லடாக்குக்குக் கொண்டுபோனால் மெழுகு கட்டி ஃபில்டரில் நிற்கும். இந்தியன் ஆயில் 2019இல் லடாக்குக்கென்றே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது இதனால்தான். தனி டேங்க் வைத்திருந்தால் ஊர் டீசலைப் போகிற வழியில் தீர்த்துவிட்டு, அங்கே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

திரும்பி வந்த பிறகு இந்த ஹீட்டருக்கு எதிரி குளிரில்லை, சும்மா கிடப்பதுதான். பழைய டீசல் பிசினாகும், உப்புக்காற்றில் கனெக்டர் பச்சை பூக்கும், புகைக்குழாய் துருவேறும். மாதம் ஒருமுறை பத்து நிமிஷமாவது ஓடவிடச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். பங்குனி வெயிலில் வண்டியின் எல்லாக் கதவையும் திறந்துபோட்டு ஹீட்டரை முழு வேகத்தில் ஓட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் ஒருமாதிரி பார்ப்பார். பார்க்கட்டும். முழுத் தீயில் ஓடினால்தான் உள்ளே படிந்த கரி எரிந்து போகும். அணைத்ததும் குனிந்து குழாயின் வாயைப் பார்த்துவிடுங்கள். குளவிக்கும் அந்த ஓட்டை பிடிக்கும்.